எஸ்தர் டாக்டர் பெரிதாக்கிய வெட்டு

பெரும்பாறையைத் தாண்டும்போது பேருந்தைப் பனிமூட்டம் மூடியது. காப்பிச் செடிகள் பூத்திருந்தன. எது பூ, எது மூட்டம் என்று தெரியவில்லை. விட்டுப்போயிருந்த கைபேசி சிக்னல் திரும்பியதும் செய்தி வந்தது. எஸ்தர் டாக்டர் தூக்கத்திலேயே போய்விட்டார். அதன்பின் கொடைக்கானல் வந்துசேர்ந்ததைக்கூட நான் கவனிக்கவில்லை.

அவரை அறிந்து இங்கே கூடியிருக்கும் உங்களுக்கு அவருடைய கேலி தெரியும். அவர் அறுவைச் சிகிச்சை செய்வார், நான் மயக்க மருந்து கொடுப்பேன். எதையும் லேசில் நம்பாத எனக்கு ‘சந்தேகம்’ என்று பெயர் வைத்திருந்தார்.

மேல்மலைப் போளூரிலிருந்து முத்தம்மாள் வந்தது நினைவிருக்கிறது. பூண்டு போடும் குடும்பம். குடல்வாலில் சளி போன்ற நீர் நிறைந்து ஒரு கட்டி. "பழுத்த மரத்தக்காளி மாதிரி இருக்கும்மா. உடையாம எடுக்கணும்," என்றார் டாக்டர். உடைந்தால் அந்த நீரிலுள்ள செல்கள் வயிறெங்கும் பரவி, அங்கேயே வளரும்.

முத்தம்மாளின் கவலை வேறு. "பூண்டு பிடுங்குற நேரமுங்க. வயித்தைப் பெருசாக் கிழிச்சுப்புட்டா மூட்டையை யாரு தூக்குறது?"

கேமராவும் கருவிகளும் நுழைய மூன்று சின்ன ஓட்டைதான் என்று டாக்டர் வாக்குக் கொடுத்தார். வயிற்றைத் திறப்பதே பத்திரம் என்று நான் வெளியே வந்து டாக்டரிடம் சொன்னேன். உள்ளே ஒட்டியிருந்தால் திறந்துவிடுவேன் என்றார்.

விளக்குகளைக் குறைத்தோம். காற்று ஏற்றிய வயிறு, திரையில் விடியற்காலைப் பள்ளத்தாக்கு போலத் தெரிந்தது. நடுவே சாம்பல் வெளுப்பில் அந்தக் கட்டி. அவர் அதைத் தொடவே இல்லை. பக்கத்துக் கொழுப்புச் சவ்வைப் பிடித்தே தூக்கி, அடியில் வெட்டி, உள்ளேயே ஒரு பைக்குள் இறக்கினார். பையை வெளியே இழுக்கும்போது ஓட்டையில் சிக்கியது. மெல்ல ஒருமுறை இழுத்தார். கை நின்றது.

"பெருசாக்குவோம்."

"அந்தம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கீங்க," என்றேன்.

"வாக்கு உடைஞ்சா மன்னிப்புக் கேட்டுக்கலாம், சந்தேகம். இது உடைஞ்சா யார்கிட்ட போய்க் கேக்குறது?"

கட்டி முழுசாக வந்தது.

முத்தம்மாளுக்கு மயக்கம் நன்றாகத் தெளிந்ததும், கட்டுப் பிரிக்கும் முன்பே டாக்டர் போய் ஸ்டூலில் உட்கார்ந்தார். ஒரு வெட்டு சொன்னதைவிடப் பெரிதாகிவிட்டது, இந்த அறுவடைக்கு மூட்டை தூக்கக் கூடாது என்று சொல்லி மன்னிப்புக் கேட்டார். முத்தம்மாள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். டாக்டர் எழவில்லை. சுவர்ப்பக்கமிருந்தே குரல் வந்தது.

"ஓட்டைன்னு சொல்லிப்புட்டு வாசலே வச்சிட்டீங்களே."

"உள்ள இருந்தது பெரிய ஆளும்மா. குனிஞ்சு வரச் சொன்னேன், கேக்கல."

முத்தம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்த முறை மூட்டைகளை அக்கம்பக்கத்தார் தூக்கினார்கள். கட்டி எங்கும் கிழியவில்லை, புற்றும் இல்லை என்று பரிசோதனை முடிவு வந்தது.

டாக்டர் எங்கோ இருந்து பார்க்கிறார் என்று எனக்குச் சொல்ல வராது. அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது ஒன்று உண்டு. மயக்கம் தெளிந்து கண் திறப்பவர்கள் தாங்களாகத் தடவிப் பார்க்கும் முன்பே, சொன்னதற்கு மாறாக நடந்ததை நானே போய்ச் சொல்லிவிடுகிறேன். சொல்லிவிட்டு, அவர்கள் திட்டி முடிக்கும்வரை எழுவதில்லை.