பிரியாணியில் உப்பும் பெட்டியில் கல்கண்டும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். அடுத்த வீட்டுச் சண்டையை எழுத நான் யார் என்பது ஒரு தயக்கம். பத்தாவதோடு நின்றவன் எழுதினால் யார் படிப்பார்கள் என்பது இன்னொன்று. சென்ற மாதம் இதில் வருகிற டீச்சரே கூப்பிட்டு, "எழுதுங்க சார், அண்ணனும் சரின்னுட்டாரு. பேரை மட்டும் மாத்திடுங்க" என்று சொன்ன பிறகுதான் உட்கார்ந்தேன். பெயரை மாற்றிவிட்டேன். மற்றதெல்லாம் நடந்தபடியே இருக்கிறது. காகிதப் பெட்டித் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு உபயோகப்படும் என்று நம்புகிறேன்.

1. டீச்சர் வந்தார்

நான் தி. நகரில் ஒரு ஜவுளிக் கடையில் பேக்கிங் பிரிவில் இருந்தவன். முழங்கால் வலி வந்து நாள் முழுக்க நிற்க முடியாமல் போனதும் வேலையை விட்டேன். என் மனைவி செல்வி அப்போதே மயிலாப்பூரில் எங்கள் வீட்டு முன்னறையில் காகிதப் பெட்டி செய்துகொண்டிருந்தாள். அவளிடம் நான் வேலைக்குச் சேர்ந்தேன். இன்றுவரை அவள்தான் முதலாளி. கட்டிங் வேலைக்கு சைதாப்பேட்டையிலிருந்து கஸ்தூரி வருவாள். கை சுத்தம். வாய்க்கு மட்டும் ஓய்வு கிடையாது.

எங்கள் பெட்டிகள் பெரும்பாலும் கல்யாணம், சீமந்தம், கொலு என்று போகும். ஒரு கார்த்திகை மாதத்தில் அடையாறிலிருந்து குளோரி டீச்சர் வந்தார். ரிடையரான கணக்கு டீச்சர். கிறிஸ்துமஸ் அன்று மத்தியானம் வீட்டில் விருந்து, ஒவ்வொரு தட்டுக்குப் பக்கத்திலும் ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி வேண்டும், உள்ளே அச்சுமுறுக்கும் கேக்கும் தானே வைத்துக்கொள்வதாகச் சொன்னார்.

"பெட்டியில ஒரு குறை இருக்கக் கூடாது சார். எங்க அண்ணன் வர்றாரு."

"வரட்டும் டீச்சர், சந்தோஷம்தானே" என்றேன்.

"நீங்க வேற. அவர் என்கூடப் பேசியே வருஷக்கணக்காச்சு."

செல்வி ஸ்டூலை இழுத்துப் போட்டு அவரை உட்காரவைத்தாள். விஷயம் இதுதான். அண்ணன் வில்சனின் மகன் கல்யாண ரிசப்ஷனில் டீச்சர் மேடையேறி மைக்கில் வாழ்த்திப் பேசியிருக்கிறார். பேசி முடித்து மைக்கைக் கையில் வைத்தபடியே பக்கத்திலிருந்த நாத்தனாரிடம், "பிரியாணியில உப்பே இல்ல" என்று சொல்லிவிட்டார். மைக் அணையவில்லை. மண்டபம் முழுவதும் கேட்டது. அன்றோடு பேச்சு நின்றது.

கஸ்தூரி கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "இன்னா டீச்சர், உப்பு இல்லன்னா இல்லன்னுதானே சொல்ல முடியும்?"

"ஸ்பீக்கர்லயா சொல்லுவாங்க?" என்றார் டீச்சர். "இந்த வருஷம் எங்க பாஸ்டர் போய்க் கெஞ்சி வரச் சொல்லியிருக்காரு. வர்றேன்னுட்டாரு. ஆனா எனக்கு என் அண்ணனைத் தெரியும். எங்க குறை கண்டுபிடிக்கலாம்னுதான் வருவாரு. ஒண்ணு கிடைச்சுதுன்னா எழுந்து போயிடுவாரு. அதோட முடிஞ்சது. எனக்குக் கூடப்பிறந்தவர்னு அவர் ஒருத்தர்தான் சார்."

இதைச் சொல்லும்போது டீச்சரின் குரல் மாறிப்போனது. நாங்கள் வேறு ஆர்டர் எல்லாவற்றையும் ஓரம் வைத்தோம்.

2. வெள்ளை அட்டை

வெள்ளையில் செய்வதுதான் இந்தத் தொழிலிலேயே கஷ்டம். சின்ன அழுக்குகூடப் பளிச்சென்று தெரியும். அட்டையின் கிரெயின், அதாவது நார், எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துத்தான் மடிக்க வேண்டும். மாற்றி மடித்தால் முனை நார் நாராகப் பிரியும். கிரீஸ் என்கிற மடிப்புக் கோடு போட நாங்கள் மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவைத்தான் வைத்திருக்கிறோம். ஸ்டீல் ஸ்கேலை வைத்து ஒரே அழுத்தாக இழுக்க வேண்டும். இரண்டாவது முறை இழுத்தால் கோடு இரட்டையாகும். பசை வெளியே கசிந்தால் அந்தப் பெட்டியைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

அந்த ஆர்டர் முடிகிறவரை முன்னறையில் எண்ணெய்ப் பண்டம் கிடையாது என்று செல்வி சட்டம் போட்டாள். கஸ்தூரி வாசற்படியில் உட்கார்ந்துதான் பஜ்ஜி சாப்பிட்டாள். எனக்கும் ஒரு தண்டனை வந்தது. காலையில் பூஜை முடித்து நெற்றி நிறைய விபூதியோடு வந்து குனிந்து வேலை செய்வது என் வழக்கம்.

"சார், உங்க நெத்தி டப்பா மேல கொட்டிக்கினு கீது" என்றாள் கஸ்தூரி.

"வெள்ளை அட்டைதானே, தெரியாது."

"அண்ணங்காரரு விரலால தேச்சுப் பாப்பாரு. அப்பால டீச்சர் அழுவாங்க."

மறுநாளிலிருந்து வேலை முடிந்த பிறகுதான் விபூதி பூசிக்கொண்டேன். முருகனிடம் காரணத்தைச் சொல்லிவிட்டேன்.

மூடி தனி, அடி தனி. மூடியின் மேல் ரங்கநாதன் தெருவில் தேடி எடுத்த தங்கநிற சாட்டின் ரிப்பன், சின்ன முடிச்சு. எல்லாம் சேர்த்து வரிசையாக அடுக்கியபோது கண்ணுக்கே குளிர்ச்சியாக இருந்தது. ஒரு குறை சொல்ல முடியாது.

வழக்கமாக எங்கள் பெட்டிகள் மடிக்காமல் தட்டையாகத்தான் போகும். மூடிக் கொடுத்தால் மட்டும் செல்விக்கு ஒரு வழக்கம் உண்டு. நல்ல காரியத்துக்குப் போகிற பெட்டியை வெறுமையாக மூட மாட்டாள். ஒரு கல்கண்டும் நாலு மஞ்சள் அரிசியும் போட்டுத்தான் மூடுவாள். கல்யாண வீட்டுக்காரர்கள் அதைப் பார்த்ததும் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டி வந்ததே இல்லை. ரிப்பன் முடிச்சு கலையாமல் இருக்க டீச்சர் பெட்டிகளை மூடித்தான் கொடுத்தோம், அதனால் இதிலும் போட்டாள். டீச்சருக்குச் சொல்ல வேண்டும் என்று எங்கள் மூன்று பேருக்குமே தோன்றவில்லை.

3. விருந்து

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் பெட்டிகளைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். மறுநாள் காலையில் டீச்சரிடமிருந்து போன். இன்னும் சிலர் வருகிறார்களாம், மிச்சப் பெட்டி இருந்தால் கொண்டு வர முடியுமா என்றார். நானும் செல்வியும் பஸ் ஏறிப் போனோம். திரும்ப விடவில்லை. "மார்கழி, கவுச்சி சாப்பிட மாட்டீங்கன்னு தெரியும். லெமன் சாதம் தனியாப் பண்ணியிருக்கேன், உக்காருங்க" என்று மேஜைக் கடைசியில் எங்களை உட்காரவைத்தார்.

மேஜையின் தலைமாட்டில் வில்சன் அண்ணன். உயரமான மனிதர், கஞ்சி போட்ட சட்டை. வந்ததிலிருந்து யாரிடமும் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசவில்லை. கண்ணாடி டம்ளரை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஸ்பூனைத் திருப்பிப் பார்த்தார். மேஜை விரிப்பின் ஓரத்தை மெல்லத் தூக்கி அடியில் பார்த்தார். எல்லாம் சுத்தம். பிரியாணியில் ஒரு வாய் எடுத்து மெதுவாக மென்றார். டீச்சர் நின்றபடியே அவர் தாடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உப்பு?" என்றார் டீச்சர்.

"இருக்கு."

அந்த ஒரு சொல்லைச் சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று முகத்தில் தெரிந்தது. குறை கிடைக்கக் கிடைக்க மனிதருக்குக் கோபம் வரும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இவருக்குக் கிடைக்காமல் போகப் போக முகம் தொங்கிப்போனது. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கிளம்பப் போகிறார் என்று எல்லோருக்கும் புரிந்தது.

"அந்தப் பெட்டியைத் திறங்கண்ணே" என்றார் டீச்சர் அவசரமாக. "உங்களுக்குப் பிடிச்ச அச்சுமுறுக்கு."

அவர் மூடியை எடுத்தார். உள்ளே பார்த்தார். பெட்டியைக் கவிழ்த்தார். வெள்ளை விரிப்பின் மேல் ஒரு கல்கண்டு உருண்டது. பின்னாலேயே நாலு மஞ்சள் அரிசி.

மற்றவர்களும் திறந்தார்கள். எல்லாவற்றிலும் அதேதான்.

டீச்சர் தன் மருமகள் மெர்லினைப் பார்த்தார். "உன்னைத்தானேம்மா பலகாரம் வைக்கச் சொன்னேன்?"

"நீங்களே வச்சிட்டீங்கன்னு நெனச்சேன் அத்தே. ஆட்டிப் பாத்தேன், சாக்லேட் மாதிரி சத்தம் வந்துது. அப்படியே அடுக்கிட்டேன்."

அச்சுமுறுக்கும் கேக்கும் சமையலறையில் டின்னோடு இருந்தன. டீச்சரின் முகம் வெளுத்துவிட்டது. செல்வி எழுந்து நின்றாள்.

"அது நாங்க போட்டதுங்க. வெறும் பெட்டியை மூடிக் குடுக்க மாட்டோம். டீச்சர் மேல தப்பு இல்ல."

"ஆளுக்கு ஒண்ணா?" என்றார் வில்சன் அண்ணன்.

"ஆமாங்க."

"எல்லாருக்கும் ஒண்ணுதானா? எனக்குன்னு கூடக் குறைச்சல் இல்லையா?"

"இல்லீங்க, எல்லாருக்கும் ஒண்ணுதான்."

அவர் நாற்காலியில் முதல் தடவையாகச் சாய்ந்து உட்கார்ந்தார். "குளோரி" என்றார். "என் வீட்டுல உப்புதான் இல்ல. உன் வீட்டுல பண்டமே இல்லையேம்மா."

அவர் தொடர்ந்தார். "மைக் எங்க? யாராவது கொண்டாங்கப்பா. நானும் சொல்லிடறேன்."

முதலில் சிரித்தது டீச்சர்தான். சிரித்துக்கொண்டே இருந்தவர் அப்படியே முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டார். "அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுண்ணே."

"உப்பு கம்மிதான். எனக்கே தெரியும்" என்றார் அண்ணன். "சமையக்காரனை அன்னைக்கே திட்டிட்டேன். நீ சொன்னதுல எனக்குக் கோபம் இல்ல. என் காதுல வந்து சொல்லியிருக்கலாமே. அழாத. இன்னும் கொஞ்சம் பிரியாணி வை."

டீச்சர் வைத்தார். சாயங்காலம் நாங்கள் கிளம்பும்போது அண்ணன் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டு, டின்னை மடியில் வைத்துக்கொண்டு அச்சுமுறுக்கு தின்றுகொண்டிருந்தார். ஒவ்வொன்றாக எடுத்து, "இது உடைஞ்சிருக்கு, இது கருகியிருக்கு" என்று தங்கைக்குக் காட்டிக்கொண்டிருந்தார். டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து, "ஆமாண்ணே, ஆமாண்ணே" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

4. நான் கற்றது

தொழிலில் இருப்பவர்களுக்கு: பெட்டிக்குள் எதைப் போட்டாலும் வாங்குகிறவரிடம் மூடியைத் திறந்து காட்டிவிடுங்கள். நமக்கு ரொம்பப் பழகிப்போன விஷயத்தைத்தான் நாம் சொல்ல மறந்துவிடுகிறோம்.

இன்னொன்றும் உண்டு. அன்று காலை கிளம்பும் முன் முருகனிடம், இந்த விருந்தில் ஒரு குறையும் வரக் கூடாது என்று மனமுருகிக் கேட்டுக்கொண்டேன். அவன் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் அந்த மனிதர் பிரியாணியைச் சாப்பிட்டு, "வர்றேன்" என்று போயிருப்பார். தங்கையும் ஒரு தப்புச் செய்கிறவள்தான் என்று பார்த்த பிறகுதான் அவருக்கு உட்காரத் தோன்றியது. அன்றிலிருந்து வேண்டுதலில் இன்னது வேண்டும் என்று விவரம் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

படிக்கிறவர்களுக்கு ஒரு கோரிக்கை. கஸ்தூரி இந்தக் கதையைச் சைதாப்பேட்டை முழுக்கச் சொல்லிவிட்டாள். அவள் சொல்வதில் அண்ணன் பெட்டியைத் தூக்கி அடிக்கிறார், தட்டு உடைகிறது, போலீஸ்கூட வருகிறது. கேட்டால், "அது இல்லாங்காட்டி கதைல இன்னா கீது சார்?" என்கிறாள். நீங்கள் யாருக்காவது சொன்னால் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். யாரும் எதையும் தூக்கி அடிக்கவில்லை. ஒரு அண்ணன் இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார், தங்கை வைத்தார். அவ்வளவுதான் நடந்தது.