வெள்ளிக்கிழமைச் சீட்டு

எங்கள் கந்தோரின் முழுப் பெயரை ஒரே மூச்சில் சொல்ல ஏலாது. சிறுபான்மைச் சமயத்தவரின் உரிமைகளைப் பாதுகாக்கிற அரச ஆணைக்குழு ஒன்றின் மாவட்டக் கிளை அது. துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு கட்டடத்தின் மேல்மாடி, மூன்று கதிரை, ஒரு அலுமாரி, அது நிறைய வெற்று முறைப்பாட்டுப் படிவங்கள். முறைப்பாடுகளைப் பதிவதுதான் என் வேலை. சட்டம் படித்துவிட்டுச் சேர்ந்து நாலு மாதம் ஆகியிருந்தது. பெரிய அநியாயம் ஏதாவது படியேறி வராதா என்று ஒவ்வொரு காலையும் ஆவலோடு காத்திருந்தேன். உண்மையைச் சொல்லத்தானே வேண்டும்.

படியேறி வந்தவர் கிண்ணியாவிலிருந்து ஒரு சம்மாட்டி, கரையில் நின்று ஆட்கள் இழுக்கிற கரைவலை ஒன்றின் சொந்தக்காரர். நான் படிவத்தை நீட்டினேன்.

"எழுத முன்ன கேளுங்க மகள்" என்றார்.

கேட்டேன். அவருடைய கரையில் எட்டு வலை. எந்த வலை முதலில் கடலுக்குப் போவது, எது கடைசியில் போவது என்பதை மீன்பிடிச் சங்கம் பருவத்தின் தொடக்கத்தில் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யும். அந்த வரிசைதான் பருவம் முழுக்க. விடியப்புறம் வலை வளைப்பவருக்கு மீன்; வெயிலேறி வளைப்பவருக்குப் பாசி. சீட்டை வலைக்காரர் தன் கையால் எடுக்க வேண்டும், அவருக்காக இன்னொருவர் எடுக்கக் கூடாது. வராதவருக்குக் கடைசி இடம். குலுக்கல் நடப்பது வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டரைக்கு. அந்த நேரம் இவர் ஜும்ஆத் தொழுகையில் இருப்பார். எட்டு வலைக்காரரில் முஸ்லிம் இவர் ஒருவர்தான். மூன்று பருவமாக எட்டாவது இடம்.

"சங்கத்தில சொல்லலையா நானா?" முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே 'நானா' என்றுதான் கூப்பிடுவது.

"சொன்னன். ஒரு கிழமை பள்ளிக்குப் போகாட்டி வானம் இடிஞ்சா விழும் எண்டாங்க. பகிடிக்குத்தான். நானும் சிரிச்சிட்டு வந்தன்." சிரிக்காமல் சொன்னார். "இந்த முறையும் எட்டு எண்டா வலையக் குடுத்திருவன் மகள். மீன் இல்லாத வலைய எத்தின நாளைக்கு ஆள் நிண்டு இழுக்கும்?"

குலுக்கலுக்கு இன்னும் இரண்டு கிழமை. எனக்குக் கைகால் பரபரத்தது. மத்தியானச் சோறு பார்சலுக்குள்ளேயே ஆறிப்போக, சங்கத்துக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதினேன். சமத்துவம், மத சுதந்திரம், எல்லாம் இருந்தது. பரிந்துரை: குலுக்கலை ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதுக்கு மாற்றுக. எல்லாருக்கும் லீவு நாள்தானே! மேலதிகாரி வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அவரும் கவனிக்கவில்லை என்பதைப் பிறகு பல தடவை அவருக்கு ஞாபகப்படுத்தினேன்.

நாலாம் நாள், கடிதத்தின் பிரதியோடு ஒரு பெண் மூச்சிரைக்க மேலே வந்தார். அதே கரையில் வலை வைத்திருப்பவர், கத்தோலிக்கர்.

"இதை எழுதினது ஆர்?"

"நான்தான் அக்கா."

"ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு நான் எங்க இருப்பன் எண்டு நினைக்கிறீங்கள்?"

எனக்குப் பின்னால் சுவரில் நாட்காட்டி. நாலு சமயத்தின் நாட்களையும் நாலு நிறத்தில் நானே தீட்டியது. அவர் அங்கே போய், ஞாயிறுகளின் மேல் விரலை வரிசையாக இறக்கினார்.

"பூசையில! அவரைப் பள்ளிக்கு விட்டுட்டு என்னைப் பூசைக்குப் போக விடாமல் மறிக்கவோ அரசாங்கம் சம்பளம் தருது? ஒரு படிவம் தாங்கோ. உங்கட கந்தோருக்கு எதிரா எழுதப் போறன்."

கேட்டால் கொடுக்க வேண்டும் என்பது விதி. கொடுத்தேன். என் பேனையையும் வாங்கித்தான் எழுதினார்.

அடுத்த நாள் வெள்ளி. கந்தோரில் இருக்க மனமில்லாமல் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அந்தக் கரைக்கே போனேன். பன்னிரண்டு மணி. வலைகள் குவித்துக் கிடந்தன, கரையில் பாதி ஆட்களைக் காணவில்லை. சங்கச் செயலாளர் கொட்டிலுக்குள் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணை, குலுக்கலுக்கு இந்த நேரத்தை ஏன் பிடிச்சனீங்கள்?"

"வலை இழுக்கிற ஆக்களில பாதிப் பேர் கிண்ணியா ஆக்கள் தங்கச்சி. பதினொண்டரைக்குப் பள்ளிக்குப் போயிடுவினம். வலை போடேலாது. அப்பதான் எல்லாரும் சும்மா நிப்பினம்."

"எல்லாருமோ?"

"ஓம், எல்லாரும்..." வாய் அசைவது நின்றது. "மிச்ச எல்லாரும்."

வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தார். "சத்தியமா அப்பிடி யோசிக்கேல்ல பிள்ளை."

"அவையள் எத்தனை மணிக்குத் திரும்புவினம்?"

"ரெண்டுக்கு முந்தி."

"பிறகு வலை போடுறதோ?"

"எங்க! பின்னேரக் காத்து விடாது."

"அப்ப ரெண்டரைக்கு?"

"அது நான் படுக்கிற நேரம்" என்றார். பிறகு, "சரி, எழும்பி வாறன்" என்றார்.

ஒரு கிழமை கழித்து, இரண்டரைக்கு, கொட்டிலுக்குள் எட்டு வலைக்காரரும் நின்றார்கள். பால்மா டின்னுக்குள் எட்டுச் சீட்டு. நானா வெள்ளைச் சேட்டும் தொப்பியும் அத்தர் வாசமுமாகப் பள்ளியிலிருந்து நேரே வந்திருந்தார். "பிஸ்மில்லாஹ்" என்று கையை விட்டார். விரித்துப் பார்த்தார். மூன்று. சீட்டை மடித்துச் சேட்டுப் பைக்குள் வைத்தார். செயலாளர் பதிவதற்குத் திருப்பிக் கேட்க வேண்டியிருந்தது.

அக்கா சிலுவை அடையாளம் இட்டுக்கொண்டு எடுத்தார். எட்டு.

கொட்டில் குலுங்கச் சிரித்தது. நானாவும் சிரித்துவிட்டார். "கந்தோருக்குப் போங்க அக்கா. படிவம் இருக்கு, மகளும் நிக்கிறா."

"போய் என்னத்தை எழுதுறது? என்ர கைதானே எடுத்தது" என்றார் அக்கா. "மூண்டாம் வலையில வாற மீனில எனக்குக் கறிக்குத் தராமல் விட்டுப் பாருங்கோவன்."

"தராம விடுவனா?"

நானாவின் முறைப்பாட்டுக் கோவையை மூடுவதற்கான படிவத்தில் 'எடுக்கப்பட்ட நடவடிக்கை' என்ற இடத்துக்குக் கீழே பத்து வரி விட்டிருக்கிறார்கள். குலுக்கல் இரண்டு மணித்தியாலம் பிந்தி நடந்தது என்று எழுதினேன். ஒரு வரிதான் வந்தது. எங்களுக்கு எதிரான முறைப்பாட்டை மீளப் பெறுகிறீர்களா என்று அக்காவிடம் தொலைபேசியில் கேட்டேன்.

"கிடக்கட்டும்" என்றார். "நீங்கள் இன்னும் கடிதம் எழுதுவீங்கள்தானே."