சுத்த சைவத் தூண்டில்

நீர்வேலிச் சிவசுப்பிரமணியத்தார் வீட்டில் மச்சம் மாமிசம் ஏறாது. அயல் வீட்டில் மீன் பொரித்தால் யன்னலைச் சாத்துவார். சாத்துகிற சத்தம் அயலுக்குக் கேட்க வேண்டும் என்பதிலும் கவனமாக இருப்பார். ஓய்வுபெற்ற எழுதுவினைஞருக்கு வேறு வேலையும் இல்லை.

அப்பேர்ப்பட்டவர் தூண்டில் கட்டத் தொடங்கியது, நோர்வேயில் இருக்கும் அக்கா மகன் மயூரதனால். அங்கே ஆற்றில் மீன் பிடிப்பவர்கள், தூண்டில் முள்ளில் நூலும் இழையும் சுற்றிச் செய்த பொய்ப் பூச்சிகளை எறிவார்களாம். மாமாவின் கை நடுங்காது என்று தெரிந்த மயூரதன் முள்ளும் மாதிரியும் அனுப்பிவைத்தான். பார்சலைப் பிரித்தவர் அலறிவிட்டார். மாதிரிகளில் கோழி இறகும் மான் மயிரும் இருந்தன.

"தம்பி, உந்த அசிங்கங்களை என்ரை வீட்டுக்கை வைச்சிருக்கேலாது" என்று போனில் சத்தம் போட்டார். "நான் நைலோனிலை கட்டித் தாறன்."

இறகு உறுத்திய மனிதருக்கு முள் உறுத்தவேயில்லை. மீன் தானாக வந்து கவ்வுகிறது, அது அதன் வினை என்று மனைவி பராசக்திக்கு விளக்கினார். பராசக்தி விளக்கம் கேட்கவில்லை.

ஆனால் நூல் தெரிந்தெடுப்பதில் ஆள் விண்ணன்தான், அதை மறைக்கக்கூடாது. பட்டினத்து நூற்கடைகளுக்கு நெருப்புப்பெட்டியோடு போவார். ஓர் இழையைக் கிள்ளிக் கொளுத்துவார். மயிர் பொசுங்கின மணம் வந்தால் ஆட்டுக் கம்பளி. முகத்தைச் சுளித்துக்கொண்டு வைத்துவிடுவார். உருகி மணியாகத் திரண்டால் செயற்கை நூல், வாங்குவார். வீட்டில் வாளித் தண்ணீரில் போட்டுப் பார்ப்பார். உரப்பை நூல் மிதக்கும், நைலோன் மெல்லத் தாழும். அக்ரிலிக் வூலைச் சீப்பால் வாரினால் பொங்கிப் பூச்சியின் உடம்பாகும். நத்தார்ப் பண்டிகை மரத்து மினுங்கல் இழை அதன் செட்டையாகும். கட்டி முடித்ததை வெயிலில் பிடித்து, "சுத்த சைவம்" என்பார். கவ்வப் போகிற மீனுக்கு அது எவ்வளவு ஆறுதல்!

இப்படியிருக்கையில், சாவகச்சேரி நீதிமன்றத்தில் வேலை செய்யும் மகள் ஆரணி, கூட வேலை செய்யும் குருநகர் றோயைக் கட்டப்போவதாகச் சொன்னாள். றோயின் தகப்பன் கனிசியஸ் வள்ளம் வைத்துத் தொழில் செய்பவர்.

"வேதக்காரர் எண்டாலும் பரவாயில்லை பிள்ளை. மீன் பிடிக்கிற வீட்டிலை எப்பிடிச் சம்பந்தம் வைக்கிறது? உயிர்க்கொலையெல்லோ!" என்றார் சிவசுப்பிரமணியத்தார், முள்ளில் நூலை இறுக்கியபடி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கனிசியஸும் மனைவி அற்புதராணியும் முட்டை போடாத கேக் ஒன்றைத் தேடி வாங்கிக்கொண்டு வந்தார்கள். இவர் பட்டு வேட்டி கட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசி, அவர்களை விறாந்தையிலேயே இருத்தினார். உள்ளே கூப்பிடவில்லை.

"ஐயா, பிள்ளையள் விரும்பீட்டுதுகள். நாங்கள்தான் பேசி முடிக்கோணும்" என்றார் கனிசியஸ்.

"குறை நினையாதையுங்கோ. உயிரைக் கொன்று பிழைக்கிற இடத்திலை பிள்ளையைக் குடுக்கேலாது. இந்த வீட்டுக்கை ஒரு செத்த உயிரின்ரை மயிர்கூட இல்லை."

ஆரணி உள்ளே போய், தூண்டில் மேசையில் இருந்த நெருப்புப்பெட்டியை எடுத்து வந்தாள். தகப்பனின் வேட்டிக் கரையில் பிரிந்து நின்ற இழையைக் கிள்ளிக் கொளுத்தினாள். மயிர் பொசுங்கும் மணம் விறாந்தை முழுக்கப் பரவியது.

"உருகேல்லை அப்பா. மணக்குது" என்றாள். "கூட்டோடை அவிச்ச புழுவின்ரை நூலை இடுப்பிலை கட்டிக்கொண்டோ இவையை வெளியிலை இருத்திக் கதைக்கிறியள்?"

அந்த இடத்தில் ஒரு சிரிப்புச் சிரித்திருந்தால் எல்லாம் சரிவந்திருக்கும். ஆரணி அதற்காகத்தான் கண்கலங்கி அவர் முகத்தையே பார்த்து நின்றாள். பாவம், பெற்றவரை அவ்வளவு நம்பியிருந்தாள்.

சிவசுப்பிரமணியத்தார் எழுந்து உள்ளே போனார். அலுமாரியைக் கிளறிப் பொலியெஸ்டர் வேட்டி ஒன்றை எடுத்தார். ஓர் இழையைக் கிள்ளிக் கொளுத்தியும் பார்த்தார். உருகி மணியாகத் திரண்டது. நிம்மதியோடு அதைக் கட்டி, சால்வையைச் சரிசெய்துகொண்டு, விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர வெளியே வந்தார்.

கதிரைகள் வெறுமையாக இருந்தன. பராசக்தி தேத்தண்ணிக் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"பிள்ளை எங்கை?"

"அவையளோடை போயிட்டாள். கலியாண எழுத்து எழுதப் போகினமாம்." பராசக்தி நிமிர்ந்து அவரை மேலும் கீழும் பார்த்தார். "உந்த வேட்டி உங்களுக்கு வடிவாத்தான் கிடக்கு."