நகத்தடியில் ஒரு கோடு

நெசவாளர் மருத்துவ உதவி மனுக்களை முப்பது வருடம் சரிபார்த்து ஓய்வு பெற்றவன் நான். எல்லா நடைமுறையும் எனக்கு அத்துப்படி.

தறி நெய்யும் என் மனைவி ஒருநாள் கால் கட்டைவிரல் நகத்தடியில் ஒரு கருப்புக் கோட்டைக் காட்டினாள்.

"பெருசாயிக்கினே போவுதுங்க."

"மிதிக்கட்டை இடிச்ச ரத்தக்கட்டும்மா. நான் பாக்காத நெசவாளி நகமா?" என்றேன்.

மூட்டுவலியால் அவள் தறியை விட்டாள். கோடு விடவில்லை, நகம் தாண்டித் தோலிலும் கருமை படர்ந்தது. புண்ணான பிறகுதான் டாக்டரிடம் போனோம். உதவி மனுவுக்காக நான் அடுக்கி வைத்திருந்த ஃபைலை அவர் தொடவேயில்லை. தறியில் இடித்த ரத்தக்கட்டு என்று நான் சொன்னதும் அவளிடம் திரும்பினார்.

"கடைசியா எப்பம்மா தறி மிதிச்சீங்க?"

"ரெண்டு வருசமாவுது சார்."

"ரத்தக்கட்டுன்னா நகம் வளர வளர வெளியே போயிருக்குமே" என்றவர், அவள் தொடையிடுக்கில் இருந்த கட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சதைப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார்.

அதில் மெலனோமா என்று வந்தது. தோல் புற்றுநோய். விரலை எடுத்தார்கள், நோய் அதற்கு முன்பே பரவியிருந்தது.

"நீங்க என்ன டாக்டரா? உடுங்க" என்கிறாள் அவள்.

உதவி மனுவில் 'நோய் கண்டறியப்பட்ட நாள்' என்றொரு கட்டம் உண்டு. பரிசோதனைத் தேதியை எழுதினேன். அவள் என்னிடம் விரலைக் காட்டிய நாளை எழுத அங்கே கட்டமில்லை.