எட்டு போல்ட் சோத்துப்பெட்டி

பச்சமுத்துவுக்குக் கோபம் வந்தது நியாயமா இல்லையா, நீங்களே சொல்லுங்கள்.

ஆள் திருச்செங்கோட்டுப் பக்கம். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரியில் இருபத்திரண்டு வருடமாகச் சமையல் வேலை. லாரி எங்கே நிற்கிறதோ அங்கேதான் பத்துப் பேருக்கும் அடுப்பு, படுக்கை எல்லாம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் சத்தீஸ்கர் காட்டில் ஒரு கரடி வெல்ல வாசனை பிடித்து வந்து, ஆள் படுத்திருந்த கூடாரத்தையே கிழித்துப் போட்டது. ஊர் திரும்பியதும் பச்சமுத்து பட்டறைக்குப் போய்க் கனத்த இரும்புத் தகட்டில் ஒரு பெட்டி செய்து வாங்கினார். மூடியைச் சுற்றி எட்டு போல்ட். கொக்கி போட்டால் குரங்கு திறந்துவிடும், கயிறு கட்டினால் அவிழ்த்துவிடும். ஸ்பேனர் வைத்து முறுக்கிய போல்ட்டிடம் அதன் வித்தை பலிக்காது.

பெட்டியோடு சட்டங்களும் வந்தன. படுக்கிற இடத்தில் ஒரு பிஸ்கட் கூட இருக்கக் கூடாது. சாப்பிட்ட தட்டை உடனே கழுவ வேண்டும். மிச்சச் சோற்றைத் தள்ளிப் போய்க் குழி தோண்டிப் புதைக்க வேண்டும். ஆட்கள் முணுமுணுப்பார்கள், அவர் விடமாட்டார். பெட்டி வந்த நாள் முதல் ஒரு பிடி அரிசி மிருகத்தின் வாய்க்குப் போனதில்லை. அந்தப் பெயர் ஒன்றுதான் அவருக்கு இருந்தது.

இந்த வருடம் ஆயுத பூசைக்கு லாரி தம்மம்பட்டிப் பக்கம் மலையடிவாரத்தில் நின்றது. மேனேஜர் மோகன்குமார் முதலாளிக்குத் தங்கை மகன், இஞ்சினியரிங் படித்த பிள்ளை. சம்மட்டி, ஜாக்கி என்று கண்ணில் பட்டதையெல்லாம் லாரி முன்னால் அடுக்கிச் சந்தனம், குங்குமம் வைத்தான். பொரி, கடலை, பழம், உடைத்த தேங்காய் எல்லாம் திறந்த வெளியில் பரப்பியாயிற்று. மதியச் சாப்பாடு முடிந்து பெட்டியை மூடப் போனபோதுதான் பச்சமுத்துவுக்குத் தெரிந்தது, அவருடைய ஸ்பேனரும் பூசையில் இருந்தது.

"ஏனுங்க தம்பி, அந்த ஸ்பேனர மட்டும் குடுங்க. பெட்டிய முறுக்கிட்டு இருந்த எடத்துலயே வெச்சர்றேன்."

"பூசையில வெச்சத நாளைக்குக் காலையிலதானுங்கண்ணா தொடோணும். மெசினுக்கு ஆவாது."

"கொரங்கு பூசை பாத்து ஒதுங்கிப் போவுங்களா?"

"ஒரு நாள்ல என்னங்கண்ணா ஆயிரும்? நான் பாத்துக்கறேன், போங்க."

பச்சமுத்து பெட்டியைக் கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட்டு, மற்றவர்கள் அசந்து தூங்கியதால் தானே குடங்களை எடுத்துக்கொண்டு தோட்டத்துக் கிணற்றுக்குப் போனார். திரும்பி வந்து பார்த்தால் பதினைந்து குரங்குகள். பொரியைத் தின்று தீர்த்துவிட்டுப் பெட்டிக்கு வந்திருந்தன. மூடி ஒரு பக்கம், கயிறு ஒரு பக்கம். பத்து நாள் அரிசியும் பருப்பும் மண்ணோடு கலந்து கிடக்க, அதன் மேல் எண்ணெய் கேன் கவிழ்ந்திருந்தது. பார்த்துக்கொள்கிறேன் என்ற மேனேஜர் கேபினுக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். நன்றாகத்தான் பார்த்துக்கொண்டான்!

குரங்குகளை விரட்டி முடிப்பதற்குள் அவன் முதலாளி சுப்பையனுக்கு போன் போட்டுவிட்டான். சமையல்காரர் பெட்டியை மூடாமல் போய்விட்டாராம். ஸ்பீக்கரில் முதலாளி குரல் வந்தது.

"முத்து, உனக்கும் வயசாயிப் போச்சு. இந்த ட்ரிப்போட ஊட்டுலயே இருந்துக்க சாமி."

பச்சமுத்துவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "நான் மூடாமப் போவலீங்க. ஸ்பேனரத் தரலீங்க. அது எங்க இருந்துச்சுன்னு தம்பியவே கேளுங்க."

மோகன்குமார் தலையைக் குனிந்துகொண்டான். "பூசையில வெச்சிருந்தனுங்க மாமா."

முதலாளி சொன்னார்: "பூசையில வெச்சத எப்படி எடுக்கறது முத்து? நீதான் பெட்டி மேல உக்காந்திருக்கோணும்."

தப்பு செய்தவன் நின்றுகொண்டிருக்கிறான், தடுக்கப் பார்த்தவன் வீட்டுக்குப் போக வேண்டுமாம். பச்சமுத்து மண்ணில் குனிந்து, எண்ணெய் படாத அரிசியாகப் பார்த்து அள்ளினார். இரண்டு படி தேறியது. அதைப் பெட்டியில் போட்டு மூடினார். நேராகப் பூசைக்குப் போய், எல்லார் கண் முன்னாலும் ஸ்பேனரை எடுத்தார்.

"அண்ணா, தொடாதீங்க!"

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குங்குமத்தை வேட்டியில் துடைத்துவிட்டு, எட்டு போல்ட்டையும் ஒவ்வொன்றாக முறுக்கினார். பிறகு போனுக்கு அருகில் வந்து குனிந்தார்.

"முதலாளி, நான் ஊட்டுக்குப் போறேனோ இல்லியோ, இந்த ஸ்பேனரு இனிமே பூசைக்கு வராதுங்க. சாமி கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன். ராத்திரி பத்துப் பேரு சோறு கேட்டா, நீங்க சொல்லுங்க."