இலைக்கொடிக்கு அடியில் ஒரு கோடு

படிவத்தில் 'எண்ணிக்கை' என்ற கட்டத்தில் இரண்டு என்று எழுதியிருந்தேன். துப்பாக்கியில் குழல் இரண்டு இருந்ததே! ஏல நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. எங்கள் வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான் என்பதால், எதில் கையெழுத்துப் போட்டாலும் கீழே பட்டத்தையும் சேர்த்தே எழுதுவேன். அந்தப் படிவத்தையும் துப்பாக்கிப் பெட்டியையும் வாங்கிக்கொண்ட மதிப்பீட்டாளர் அம்மா, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"இன்னொண்ணு எங்க தம்பி? வர்ற வழியில தொலைச்சிட்டீங்களா?"

இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்றுதான் என்று எனக்குப் புரிந்தபோது, அவர் ஏற்கெனவே 2-ஐ அடித்து 1 ஆக்கியிருந்தார். பட்டத்தை மட்டும் அடிக்கவில்லை. "இது இருக்கட்டும். கஷ்டப்பட்டு வாங்கினது" என்றார். அன்றிலிருந்து எனக்கு அவர் அக்கா.

பழைய வேட்டைத் துப்பாக்கிகளை மதிப்பிட்டுச் சான்று எழுதுவது அக்காவின் தொழில். ஊரில் அவருக்குத் 'தட்டுற அம்மா' என்று பெயர். குழல்களைக் கழற்றி, ஒரு நூல் வளையத்தில் தொங்கவிட்டு, விரல் முட்டியால் மெல்லத் தட்டுவார். இரண்டு குழல்களையும் சேர்த்த பற்றவைப்பு உறுதியாக இருந்தால் மணி போல நீண்டு ஒலிக்கும். எங்காவது விட்டிருந்தால் விரிசல் கண்ட பானை போல 'தொப்'பென்று அடங்கிவிடும். அதற்குப் பிறகுதான் லென்ஸ், அளவுகோல், எழுத்து எல்லாம்.

அறையில் எதிரெதிராக இரண்டு மேசைகள். ஒன்று அக்காவுடையது. மற்றது அவர் கணவருடையது. அவர் பழுது பார்ப்பவர், இடதுகைக்காரர், நான் போவதற்கு நான்கு வருடம் முன்பே இறந்துவிட்டார். அக்கா துடைத்து வைப்பதால் அரங்கள் பளபளவென்று இருக்கும். துப்பாக்கி வராத நாட்களில் அவரைப் பற்றித்தான் பேச்சு. இருவருக்கும் ஒரு விளையாட்டு இருந்ததாம். தான் பழுது பார்த்த இடத்தை அவர் ஒளித்து வைப்பார். சான்றில் கையெழுத்திடும் முன் அக்கா கண்டுபிடிக்க வேண்டும். தோற்றவர் அன்று பாத்திரம் கழுவ வேண்டும். "இருபது வருஷம் பாத்திரம் கழுவியே அவர் கை வெளுத்துப் போச்சு" என்று சொல்லிச் சிரிப்பார்.

நான் போய்வரத் தொடங்கிய மூன்றாம் வருடம், ஒரு பல் டாக்டர் தன் சேகரிப்பை விற்க முன்வந்தார். பதினொரு துப்பாக்கிகள் வைத்திருந்தும் ஒரு காக்கையைக்கூடச் சுடாத மனிதர். அவற்றில் ஒன்றோடு அக்கா இருபத்திரண்டு வருடம் முன்பு எழுதிய சான்றும் வந்தது. 'குழல்கள் ஆரம்பத்தில் பொருத்தப்பட்டவையே' என்று அதில் இருந்தது. பழைய சிநேகிதியைக் கண்டதுபோல அக்கா அந்தக் குழல்களைத் தொங்கவிட்டுத் தட்டினார். மணியோசை. கண்ணை மூடிக் கேட்டார். பிறகு லென்ஸை எடுத்தார்.

அடியிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி இலைக்கொடி நகாசு சுற்றி ஓடியது. அங்கே லென்ஸ் நின்றுவிட்டது. ஜன்னலருகே கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னை அழைத்தார். இலைகளுக்கு அடியில், மயிரிழை அளவில், பழுப்பாக ஒரு துருக்கோடு. பழைய குழலின் அடிப்பாகத்தை மட்டும் வைத்துக்கொண்டு, முன்னால் புதுக் குழல் செருகிய இணைப்பு அது. அந்த இணைப்பை மறைக்கத்தான் நகாசு. எல்லா இலை நுனியும் இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

"இது அவரு இலை" என்றார் அக்கா.

லென்ஸை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அப்புறம் பழைய சான்று எழுதிய நாளைச் சொன்னார். அப்போதைய சொந்தக்காரர் வெளியே வண்டியை நிறுத்திவிட்டு அவசரப்படுத்தினாராம். அக்கா தட்டினார், மேலோட்டமாகப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். கணவர் அரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"நான்தான் அப்புறம் பேசலாம்னுட்டேன். வண்டி போயிடுச்சு. அன்னைக்கு யாரும் சொல்லாமலே அவரா போய் பாத்திரம் கழுவுனாரு தம்பி. ஜெயிச்சவரு எதுக்குக் கழுவணும்? எனக்கு அப்ப அது உறைக்கவே இல்ல."

தான் சொன்னால் மனைவியின் கையெழுத்து பொய்யாகிவிடும் என்று கடைசிவரை வாயைத் திறக்காமலே இருந்திருக்கிறார் மனிதர். இப்போது அக்கா சொன்னாலும் அதே கதிதான். கூடவே கணவர் பெயரும் போகும். கோடு என் கண்ணுக்குத் தெரியவில்லை என்று சொல்லிவிடலாமா என்று நான் முணுமுணுத்தேன். அக்கா பார்த்த பார்வையில் என் பட்டம் ஒரு சுற்று இளைத்தது.

மறுநாள் டாக்டரை வரவழைத்து லென்ஸைக் கையில் கொடுத்தார். சுடுவதற்கு ஒரு குறையும் இல்லை, ஆனால் குழலை மாற்றியது தன் கணவர், தான் முன்பு எழுதியது தவறு என்றார். டாக்டருக்கு முகம் கறுத்துவிட்டது. அந்தச் சான்றை நம்பித்தான் வாங்கியதாகச் சொன்னார். கடைசியில் குரலைத் தாழ்த்தினார்.

"உங்க வீட்டுக்காரர் செஞ்சதை நீங்களே காட்டிக் கொடுக்கணுமாம்மா?"

"அவரு ஒளிச்சு வெச்சதே நான் கண்டுபிடிக்கத்தான் டாக்டர். கொஞ்சம் லேட்டாயிடுச்சு."

புதுச் சான்றில் இணைப்பு இருக்கும் இடம், செய்தவர் தன் கணவர், முந்தைய சான்று செல்லாது என மூன்று வரி எழுதினார். கையெழுத்தை மட்டும் வழக்கத்தைவிட நிதானமாகப் போட்டார். டாக்டர் அந்தத் துப்பாக்கியை ஏலத்துக்குத் தரவில்லை. எங்கள் மேலாளரும் அதற்குப் பிறகு அக்காவுக்குத் துப்பாக்கி அனுப்புவதை நிறுத்திவிட்டார். ஒரு தவறை ஒப்புக்கொண்டவரின் மற்ற சான்றுகளை வாங்குபவர்கள் சந்தேகிப்பார்களாம்.

அக்காவுக்கும் அதே சந்தேகம்தான். கணவர் கைபட்டு, தான் சான்று தந்த துப்பாக்கிகள் நாற்பத்தொன்று என்று பழைய நோட்டிலிருந்து கணக்கெடுத்தார். சொந்தக்காரர்களுக்கெல்லாம் கடிதம் போட்டார். இப்போது லென்ஸைப் பையில் வைத்துக்கொண்டு, பஸ் ஏறி வீடு வீடாகப் போய்ப் பார்த்து வருகிறார். பதினேழு முடிந்திருக்கிறது, இரண்டில் சான்றைத் திருத்தி எழுதியிருக்கிறார். இன்னும் இருபத்துநான்கு இருக்கின்றன.