ஏலப்பாறை லயத்தில் ஒரு கோடை

தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்தில் விருந்தாளி தங்க, முன்கூட்டியே எழுதி அனுமதி பெற வேண்டும் என்பது தோட்டத்து விதி.

இன்று தேயிலைத்தூள் பொட்டலத்தைப் பிரித்ததும், ஏலப்பாறையில் பெரியம்மா குடியிருந்த, இப்போது இடித்துவிட்ட அந்த லயம் வாசனையாகத் திரும்பி வந்தது. பாலக்காட்டு வெயிலுக்குத் தப்பி விடுமுறைக்குப் போன எங்களுக்காகப் பெரியப்பா மனு கொடுத்திருந்தார், பதில் வரவில்லை. எப்போது வேண்டுமானாலும் எங்களை மலையிறக்கிவிடுவார்கள் என்று அம்மா பையைப் பிரிக்கவே இல்லை. நாங்களோ ஒவ்வொரு காலையும் இதுவே கடைசி என்று, தகரக் கூரையில் பனி சொட்டுவதைக் கேட்டபடி, மூடுபனி தேயிலைச் சரிவுகளை ஒவ்வொன்றாக விட்டு விலகுவதைப் பார்த்து நின்றோம்.

மாலையில் தோட்ட வேலையை மேற்பார்க்கும் கங்காணி வந்து, "விருந்தாளுக இன்னும் கெளம்பலையாக்கும்?" என்பார்.

"மனு ஆபீஸ்ல கெடக்குல்லண்ணே, பதில் வரட்டும். நீங்க டீயக் குடிங்க" என்பாள் பெரியம்மா.

மனு நிலுவையில் இருக்கும்போது யாரையும் வெளியேற்றக் கூடாது என்பதும் தோட்டத்து விதி. அவரும் குடித்துவிட்டுப் போவார்.

இரண்டு நாள் தங்கலாம் என்ற அனுமதி வந்தது, நாங்கள் ஊர் திரும்பி, பள்ளியும் திறந்துவிட்ட ஜூன் ஒன்றாம் தேதி.